‘சைக்கோ’ என்ற தலைப்புச் சொல்லும் எங்கள் வீட்டுக் காமரா உள்ளும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரே நாளில் தங்கள் நாளிதழில் வெளிவந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒன்று, இணையத் திரையில் புதிதாக வந்திருக்கும் உளவியல் திரில்லர் தொடர் ஒன்றின் விமர்சனம். ஒரு குடும்பம் பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்த இரகசியம் கடைசிப் பகுதியில் உடைகிறது என்றும், கொலைகளைச் செய்தவர் சிறுவயதில் அந்த வீட்டில் பட்ட துன்பத்தால் மனம் பேதலித்தவர் என்பது அப்போதுதான் தெரிகிறது என்றும் எழுதி, அதை ‘யாரும் எதிர்பாராத திருப்பம்’ என்று விமர்சகர் பாராட்டியிருந்தார். மற்றொன்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் இருந்தது. உறவினரை வெட்டிய இளைஞர் ஒருவரைப் பற்றிய அந்தச் செய்திக்கு ‘சைக்கோ வாலிபர் வெறிச்செயல்’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். செய்தியைக் கடைசி வரி வரை படித்தேன். அந்த இளைஞருக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர் எவரும் சொன்னதாக அதில் இல்லை. வாய்க்கால் வரப்புத் தகராறு என்று காவல்துறையினர் கூறியதாகவே இருந்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்துகொண்டு வந்தது என்று பார்ப்பது என் தொழிற்பழக்கம். ‘சைக்கோ’ தமிழ்ச் சொல் அல்ல. மருத்துவர்கள் பயன்படுத்தும் சொல்லும் அல்ல. அது ஒரு திரில்லரின் தலைப்பு. 1957 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெய்ன்ஃபீல்டு என்ற சிற்றூரில் எட் கீன் என்பவரின் பண்ணை வீட்டைச் சோதனையிட்டபோது கண்டெடுக்கப்பட்ட கொடுமைகள் உலகெங்கும் செய்தியாயின. அதே மாநிலத்தில் வாழ்ந்த ராபர்ட் பிளாக் என்ற எழுத்தாளர் 1959இல் ‘சைக்கோ’ என்ற நாவலை வெளியிட்டார். மறு ஆண்டு ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். இறந்த தாயின் உடலைப் பதப்படுத்தி வீட்டில் வைத்துக்கொண்டு, அவளாகவே மாறிக் கொலை செய்யும் மகனின் கதை அது. ஆங்கிலத்தில் அந்தச் சுருக்கச் சொல், முற்றிலும் வேறான இரண்டு நிலைகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. இல்லாத குரலைக் கேட்பதும் நடவாததை நடந்ததாக நம்புவதுமான மனநோய் ஒன்று; நோயின் குழப்பம் எதுவுமின்றி, பிறர் துன்பம் தன்னைத் தொடாத கல்நெஞ்சத் தன்மை மற்றொன்று. முதல் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் அஞ்சி ஒடுங்குபவர். அவரையும் கல்நெஞ்சரையும் ஒரே பெயரால் அழைக்கும் அந்தக் குழப்பத்தைத்தான் திரையரங்கின் வழியே வாங்கி, இன்று நம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சொல் மட்டும் வரவில்லை. அதனோடு ஒரு கதை வார்ப்பும் வந்தது. ஹிட்ச்காக்கின் படத்தில் கொலையாளி பிடிபட்ட பிறகு மனநல மருத்துவர் ஒருவர் அறைக்குள் வந்து, தாய்க்கும் மகனுக்கும் இடையே நடந்தவற்றை வரிசையாக எடுத்துரைத்து, கொலைகளுக்கு விடை சொல்கிறார். அதன் பின்னர் இந்த வகைத் திரில்லர் எத்தனையோ எழுதப்பட்டும் அந்த வார்ப்பு மாறவில்லை. முதலில் கொலை; நடுவில் தேடல்; முடிவில் ஒரு பிளாஷ்பேக். பிளாஷ்பேக்கில் ஒரு வீடு, ஒரு குழந்தை, ஒரு கொடுமை. தமிழில் 1978இல் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980இல் வந்த ‘மூடுபனி’ ஆகிய இரண்டுமே நேர்த்தியாக எடுக்கப்பட்டவை; இரண்டிலுமே பெண்களைக் கொல்பவனின் காரணம் அவனுடைய இளம்பருவத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘சந்திரமுகி’யும் ஜூனில் ‘அந்நிய’னும் வெளிவந்தன. அந்த ஆண்டு என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ‘ஸ்பிளிட் பெர்சனாலிட்டி’ என்று சரளமாகச் சொன்னார்கள். மனச்சிதைவு நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவர்களுக்கு விளக்க ஒரு பாடவேளையைச் செலவிட்டேன். இரட்டை ஆளுமை என்பது வேறு, மனச்சிதைவு என்பது வேறு என்பதைப் பெரியவர்களிலேயே பலர் இன்றும் அறியார்.

இதை எழுதும் நான் திரில்லர்களை வெறுப்பவள் அல்லள். மாத நாவல்களைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து வளர்ந்தவள். ஒரு வீட்டின் இரகசியத்தைக் கதையாக எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். காரணம், இரகசியம் உள்ள வீட்டில் வளரும் குழந்தை உண்மையிலேயே ஒரு துப்பறிவாளரைப்போலத்தான் வாழ்கிறது. பேச்சு சட்டென்று நிற்கும் இடங்களை அது கவனிக்கிறது. எந்தக் கேள்விக்கு அம்மாவின் முகம் மாறுகிறது என்று குறித்துக்கொள்கிறது. எனக்கு இது எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காவிரிப் படுகையில் ஒரு கிராமத்தில், முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய ஓட்டு வீட்டில் பிறந்தேன். அந்த வீட்டில் இரண்டாம் கட்டுக்கு அப்பால், ‘காமரா உள்’ என்று நாங்கள் அழைத்த ஓர் உள்ளறை இருந்தது. அதன் கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருக்கும். உள்ளே என் அத்தை, அப்பாவின் தங்கை, இருந்தார். வேளாவேளைக்குப் பாட்டி சாப்பாடு கொண்டுபோய் வைப்பார். பொழுது சாய்ந்த பிறகு கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்று குளிப்பாட்டுவார். விருந்தாளிகள் வந்தால் ரேடியோவின் ஒலியைக் கூட்டிவைப்பார்கள். அத்தையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதாக நினைவில்லை. சொல்லாமலேயே தெரிந்திருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு ‘புதிய பறவை’ வந்தது. 1964இல் வெளியான படம். எங்கள் ஊருக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. பாட்டியும் அம்மாவும் நானும் இரவுக் காட்சிக்குப் போனோம். படத்தை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபால் என்ற செல்வந்தன் ஒரு பெண்ணை விரும்புகிறான். ரயிலைக் கண்டாலே அவன் உடல் பதறுகிறது. முதல் மனைவி ரயிலில் அடிபட்டு இறந்துவிட்டாள் என்பது அவன் சொல்லும் செய்தி. புதிய வாழ்வு தொடங்க இருக்கும் வேளையில், இறந்த அந்த மனைவி நானே என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் பொய் சொல்கிறாள் என்பது அவனுக்கு மட்டுமே உறுதியாகத் தெரியும்; ஏனென்றால் மனைவி எப்படி இறந்தாள் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அந்த உறுதியை நிறுவப்போய்த்தான், தன் கை பட்டு அவள் உயிர் பிரிந்ததையும், அதைத் தற்கொலையாகக் காட்டத் தண்டவாளத்தில் கிடத்தியதையும் அவன் தன் வாயாலேயே எல்லோர் முன்னும் கொட்டிவிடுகிறான்.

இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட மனைவி வாசலில் வந்து நிற்கும் காட்சியில் பாட்டி என் கையைப் பிடித்தார். வலிக்கும் அளவுக்குப் பிடித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. வீட்டை அடைந்ததும் பாட்டி விளக்கை ஏற்றாமல் நேரே காமரா உள்ளுக்குப் போய்த் தாழைத் திறந்து, உள்ளே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. விளங்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

அத்தைக்குப் பத்தொன்பது வயதில் திருமணம். 1961இல் தாய்வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவமான நான்காம் நாளிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லை. பத்தாம் நாள், இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று கதறத் தொடங்கினார். காற்றுக் கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள். மந்திரிக்க ஆள் வந்தார். திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலத்துக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம், 48 நாள்கள், தங்கவைத்தார்கள். திரும்பியபோது குழந்தை தந்தைவழிப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டது. அத்தையின் கணவர் மறுமணம் செய்துகொண்டார். சட்டப்படி மணமுறிவு எதுவும் நடக்கவில்லை, எங்கள் வீட்டில் எவரும் கேட்கவுமில்லை. எனக்கும் என் தங்கைக்கும் நாளை மாப்பிள்ளை பார்க்க வேண்டும் அல்லவா? ‘அந்த வீட்டில் கிறுக்கு உண்டு’ என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதே எல்லாருடைய கவலையாகவும் இருந்தது. அந்தக் கவலையின் பொருட்டு இரண்டு குடும்பங்களும் கூடிப் பேசி ஒரு பொய்யை நிறுவின: பையனிடம் அவன் தாய் பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்று சொல்லி வளர்ப்பது.

அந்தப் பொய்யை உடைத்தவர் அந்தப் பையன்தான். தன் வீட்டில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் திதி கொடுக்கப்படுவதையும், தன் தாய்க்கு மட்டும் கொடுக்கப்படாததையும், தாயின் படத்துக்கு மாலை போடப்படாததையும் அவர் சிறுவயதிலேயே கவனித்திருக்கிறார். உயிரோடிருப்பவளுக்குத் திதி கொடுக்க அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் துணியவில்லை. பொய் சொல்லத் துணிந்தவர்கள் அந்த ஒன்றுக்கு மட்டும் துணியவில்லை. 1988இல், இருபத்தேழு வயதில், தம் தந்தைவழிப் பாட்டியின் கடைசி நாள்களில் அவரிடம் கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டு, ஒரு பிற்பகலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். திறந்துவிடுங்கள் என்றார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை.

இதை ஒரு திரில்லர் எழுத்தாளரிடம் கொடுத்தால் காமரா உள்ளிலிருந்து வெளிவருபவளின் கையில் அரிவாளைக் கொடுப்பார். எங்கள் வீட்டில் வெளிவந்தவர், வெயில் கண்ணைக் கூசியதால் முன்றானையால் முகத்தை மூடிக்கொண்டு, யார் வந்திருப்பது என்று அம்மாவிடம் கேட்டார்.

மாவட்டத் தலைநகரில் ஓர் அரசு மருத்துவர் எங்கள் குடும்பத்திடம் ஒரு மணி நேரம் பேசி முழு வரலாற்றையும் எழுதிக்கொண்டார். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோயாகத் தொடங்கி, பிறகு உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் இடையே அலைபாயும் இருதுருவ நோயாக நிலைத்தது என்று விளக்கினார். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு இப்படி நேர்வதுண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசர நிலை இது; கவனிக்காவிட்டால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரலாம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடிய நோய்களில் இதுவும் ஒன்று. நடவாததை நடந்ததாக நம்பவைக்கும் கடும் மனநோய்க்கான முதல் பயனுள்ள மருந்தான குளோர்புரோமசின் 1952இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. லித்தியம் என்ற மருந்தின் பயனை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இலேயே எழுதிவிட்டார். எங்கள் ஊரிலிருந்து ரயில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. 1794இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அங்கே இருந்தது. அத்தை அடைபட்ட 1961இல் மருத்துவம் இருந்தது. எங்களைத் தடுத்தது, கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருந்த நம் பேச்சுவழக்கு. நகைச்சுவைக் காட்சிகளில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு என் அத்தை கொடுத்த விலை இருபத்தேழு ஆண்டுகள்.

லித்தியம் மாத்திரையும், அதற்காகக் குறித்த இடைவெளியில் செய்யும் இரத்தப் பரிசோதனையுமாக அவர் மகன் வீட்டில் மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். பேத்திகளுக்குத் தலைபின்னினார். கதவு சாத்தியிருக்கும் அறையில் மட்டும் கடைசிவரை படுக்க மாட்டார். போன ஆண்டுகள் போனவைதாம்.

ஆசிரியர் அவர்களே, இந்தப் பின்னணியில்தான் 2001ஆம் ஆண்டை நான் நினைத்துப் பார்க்கிறேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 25 பேர் அங்கேயே கருகினர். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 28 ஆனது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்தது. அந்த 28 பேரும் யாரோ ஒரு குடும்பத்தின் காமரா உள்ளிலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள். அவர்களுள் யாரும் எவரையும் கொன்றதாகச் செய்தி இல்லை. மூன்று மாதம் கழித்து, நவம்பரில், ‘ஆளவந்தான்’ திரைக்கு வந்தது. சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளான சிறுவன் மனச்சிதைவு நோயாளியாகி, மனநல மருத்துவமனையிலிருந்து தப்பிவந்து கொலை செய்யும் கதை. அந்தப் படத்தில் இளம்பருவக் காட்சிகள் என் நெஞ்சை உலுக்கின என்பதையும், அந்த வீட்டின் பெரியவர்கள் செய்த தவறுகளை அது மூடி மறைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படம் திட்டமிடப்பட்டது தீவிபத்துக்கு முன்பே என்பதும் தெரியும். இருந்தாலும், சங்கிலியில் கருகிய நோயாளிகளின் படங்களை நாளிதழ்களில் பார்த்த அதே ஆண்டில், சங்கிலியை உடைத்துக்கொண்டு வந்து கொல்லும் நோயாளியைத் திரையில் பார்த்தோம். நம் நினைவில் இன்று தங்கியிருப்பது இரண்டில் எது?

மெய்யான நிலையை ஓரளவு எண்களாலும் சொல்லலாம். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கின்றனர். சிக்கலின் வகையைப் பொறுத்து அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர்கள். கடும் மனநோய் உள்ளவர்கள் வன்முறையைச் செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது.

இளம்பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். அவர்களுக்குத் திரில்லர்கள் இழைக்கும் தீங்கு இதைவிட நுட்பமானது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் பேட்டி காணப்பட்ட 12,447 குழந்தைகளுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகள் இன்று முப்பது வயதை ஒட்டியவர்கள். நம்மிடையே வேலை பார்க்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். பிளாஷ்பேக்கில் சிறுவன் துன்புறுத்தப்படும் காட்சி வரும்போதெல்லாம் அவர்களுக்குச் சொல்லப்படும் செய்தி, ‘உனக்கு நடந்தது உன்னைக் கொடியவனாக்கும்’ என்பது. அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் உள்ள 908 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் 26 விழுக்காட்டினர் சிறார் பருவத்தில் ஏதேனும் குற்றத்துக்காகக் கைதாயினர். அத்தகைய அனுபவம் இல்லாதோரில் அது 17 விழுக்காடு. துன்பம் தடயம் விட்டுச்செல்கிறது என்பதை அது காட்டுகிறது. நான்கில் மூன்று பேர் அந்தப் பாதையில் போகவில்லை என்பதையும் அது காட்டுகிறது. அந்த மூன்று பேரை நாயகராகக் கொண்ட திரில்லரை நான் இன்னும் பார்க்கவில்லை.

‘புதிய பறவை’யை இப்போது மீண்டும் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அதில் இரகசியத்தைச் சுமப்பவன் நோயாளி அல்லன். ஊர் மதிக்கும் பெரிய மனிதன். அவனுக்கு எந்த நோயின் பெயரும் சூட்டப்படவில்லை. நிம்மதியைத் தேடி அவன் படும் பாடெல்லாம், செய்ததை மறைத்ததால் விளைந்தது. ரயிலைக் கண்டு பதறும் அந்த உடல்மொழியை இன்றைய மருத்துவம் வேறு பெயரிட்டு அழைக்கலாம். படம் அதைக் குற்றவுணர்வின் நடுக்கமாக மட்டுமே காட்டி நிறுத்திக்கொண்டது. எனவே பார்ப்பவர், ‘அவன் நம்மைப் போன்றவன் இல்லை’ என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை. பாட்டி என் கையைப் பிடித்ததற்குக் காரணமும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும். அந்தப் படம் தேடிப் பிடித்தது, தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றவர்களை.

1993இல் வந்த மலையாளப் படமான ‘மணிச்சித்ரத்தாழ்’ இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. நோயுற்ற பெண் யாரையும் கொல்வதில்லை. மருத்துவ நண்பன் வந்து நோயைக் கண்டறிந்த பிறகும் கணவன் அவளை ஒளித்து வைப்பதில்லை. கடைசியில் அவள் பிழைத்து வாழ்கிறாள். ஓர் இரவு நாடகத்தால் நோய் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அது விதைத்துவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. சிகிச்சை என்பது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடப்பது. அதில் நாடகத்தன்மை குறைவு. ஆயினும், பூட்டிய அறையைத் திறந்தால் உள்ளே காப்பாற்ற வேண்டிய ஒருவர் இருப்பார் என்று காட்டியதற்காக அந்தப் படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கதை எழுதுவோருக்கு நிபந்தனை விதிக்க நான் யார்? கொலைகாரரின் கடந்தகாலத்தை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. மனநோயாளி எவரும் குற்றம் செய்வதே இல்லை என்றும் சொல்லவில்லை. நோயின் பெயரைப் புதிருக்கு விடையாக வைப்பதோடு எழுத்தாளரின் வேலை முடிந்துவிடுகிறது என்பதே என் குறை. அந்தக் குழந்தை துன்புறுத்தப்பட்டபோது அடுத்த அறையில் இருந்த பெரியம்மா என்ன செய்தார், தெரிந்தும் பேசாதிருந்த சித்தப்பா பிறகு எப்படி வாழ்ந்தார், வாசலில் கோலம் போட்டுக்கொண்டே அந்தக் குடும்பம் இருபது ஆண்டுகளை எப்படிக் கடத்தியது என்பவற்றில் உள்ள அச்சமும் பதற்றமும் எந்தக் கொலைக் காட்சியிலும் இல்லை. விவரம் தெரிந்த எழுத்தாளருக்கு அங்கே எழுத எவ்வளவோ இருக்கிறது. மனநல மருத்துவமனையைக் காட்டும்போதாவது இன்றைய நிலையைக் காட்டலாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 95ஆவது பிரிவு, நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதையும், மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி சிகிச்சை அளிப்பதையும் தடை செய்திருக்கிறது. திரையில் இன்னும் நோயாளியைக் கட்டிவைத்து, விழித்திருக்கும்போதே மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதைப் பார்த்த ஒரு தாய் தன் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மறுத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

என் வேண்டுகோள் முதன்மையாகத் தங்களிடம்தான். குற்றச் செய்தித் தலைப்புகளில் ‘சைக்கோ’ என்ற சொல்லைத் தங்கள் நாளிதழ் கைவிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மனநோய் உண்டு என்று மருத்துவரோ நீதிமன்றமோ சொல்லியிருந்தால், சொன்னவர் யார் என்று குறிப்பிட்டு, செய்திக்குத் தேவையான அளவில் எழுதலாம். தலைப்பில் அதற்கு இடமில்லை. மேற்சொன்ன சட்டத்தின் 24ஆவது பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவருடைய இசைவின்றி ஊடகங்களுக்கு வெளியிடுவதைத் தடுக்கிறது. 2019இல் இந்தியப் பத்திரிகை மன்றமும் மனநோய், தற்கொலை ஆகியவை குறித்த செய்திகளுக்கு நெறிமுறைகள் வகுத்தது. தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண்ணை அச்சிடும் நல்ல வழக்கம் இன்று பரவலாகியிருக்கிறது. குடும்பத்துக்குள் நடந்த வன்முறையையும் மனநோயையும் கருவாகக் கொண்ட படங்களின் விமர்சனத்துக்குக் கீழேயும் அந்த ஒரு வரியை அச்சிடுங்கள்: 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416, துன்புறுத்தப்படும் குழந்தைகளுக்கு 1098. அந்த விமர்சனத்தைப் படிப்பவர்களில் எத்தனை வீடுகளில் ஒரு கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருக்கிறது என்பது தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விமர்சகருக்கும் ஒரு சொல். ‘எதிர்பாராத திருப்பம்’ என்று எழுதுவதற்கு முன், அந்தத் திருப்பம் யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது, யாரை அதிலிருந்து தப்பவிடுகிறது என்றும் ஒரு வரி எழுதினால் நன்று. நடிப்பையும் ஒளிப்பதிவையும் எடைபோடுவதுபோலவே அதையும் எடைபோடுவது விமர்சனத்தின் வேலைதான்.

எங்கள் குடும்பக் கதையை அச்சில் வைப்பதற்கு முன் என் அத்தை மகனிடம் இக்கடிதம் முழுவதையும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் ஆண்டைத் திருத்தினார். தம் தந்தையைப் பற்றி நான் கடுமையாக எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன். பிறகு, அம்மாவுக்குத் திதி அடுத்த மாதம் வருகிறது, நீங்களும் வாருங்கள் என்று அழைத்தார்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்.